வகுப்பைத் தொலைத்த ஸ்டோர்க்காரர்

அண்ணாந்து பார்த்த கழுத்தைக் கீழே இறக்கியபோது வகுப்பைக் காணவில்லை.

ஸ்டோர்க்காரர் ஒரு தரம் இந்தப் பக்கம் பார்த்தார், ஒரு தரம் அந்தப் பக்கம் பார்த்தார். கண்ணாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம் அது. ஒரு விளையாட்டு மைதானத்தையே உள்ளே கொண்டுவந்து வைத்தாலும் மீதி இடம் இருக்கும். நடுவில் ஒரு தூண் கிடையாது. இதற்குக் கூரை என்று ஒன்று எங்கேதான் இருக்கிறது என்று தேடித்தான் மனிதர் அண்ணாந்தார். தேடிக்கொண்டே நின்றுவிட்டார். வாய் பிளந்தது பிளந்தபடி இருந்ததில், முன்னால் போனவர்கள் எந்தக் கதவுக்குள் போனார்கள் என்பதைக் கோட்டை விட்டுவிட்டார்.

"போச்சுடா!" என்றார் வாய்விட்டு.

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. டயர் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தகரக் கூரை போட்ட கிடங்கு, எட்டிக் குதித்தால் தலையில் இடிக்கிற மின்விசிறி, நாலு பக்கமும் கறுப்பு டயர். அதையே பார்த்துப் பழகிய கண்ணை இப்படி ஒரு கட்டடத்துக்குள் கொண்டுவந்து விட்டால் அது என்னதான் செய்யும்?

பகலில் வேலை பார்த்துக்கொண்டு சாயங்காலத்தில் எம்.பி.ஏ. படிக்கிற வகுப்பு அது. எல்லாரும் ஏதோ ஓர் உத்தியோகத்தில் இருப்பவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே அங்கே இல்லை. பாங்க்கில் இருப்பவர் 'பாங்க்', ஆஸ்பத்திரியில் இருப்பவர் 'நர்ஸம்மா', பாலிசி பிடிக்கிறவர் 'இன்சூரன்ஸ்', நம்மவர் 'ஸ்டோர்'. படிப்பின் கடைசிக் கட்டம் இந்த வெளிநாட்டுப் பயணம். காலையில் ஒரு கம்பெனியைப் பார்க்க வேண்டும், மத்தியானத்துக்கு மேல் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம்.

கூட்டிக்கொண்டு வந்த பேராசிரியருக்கு ஆட்களை மேய்க்க ஒரே ஒரு வழிதான் தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற வழி! ஜோடி ஜோடியாகக் கை கோத்துக்கொள்ள வேண்டும். நரைத்த தலையும் சரிந்த தொப்பையுமாக, கோட்டு வேறு போட்டுக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி அந்த நகரத்துச் சாலையை அவர்கள் கடந்தபோது கார்களெல்லாம் தாமாகவே நின்று வழிவிட்டன. ஸ்டோருக்கு ஜோடி இன்சூரன்ஸ், கட்டடத்துக்குள் வந்து அண்ணாந்ததில் அவர் கையும் நழுவிப் போயிருந்தது.

"எந்தக் கம்பெனிக்குப் போறோம் சார்?" என்று காலையில் பஸ்ஸில் பாங்க் கேட்டார்.

"அது உங்களுக்கு எதுக்கு? சொன்னா உடனே போன்ல தேடிப் படிச்சிட்டு, உள்ள வந்து எல்லாம் தெரிஞ்ச மாதிரி தூங்குவீங்க. என் முதுகைப் பாருங்க. என் முதுகு எங்க போகுதோ அங்க வாங்க. அவ்வளவுதான்."

பிறகு பேராசிரியர் பஸ்ஸில் எழுந்து நின்று விரலை ஆட்டினார்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. இன்னைக்கு பார்க்கப் போற கம்பெனிதான் முக்கியம். காலையில அந்தக் கம்பெனிக்குள்ள இல்லாதவங்களுக்குப் பட்டம் கிடையாது. காலேஜ் சட்டம் அது, நான் ஒண்ணும் செய்ய முடியாது. போனை அணைச்சு வைங்க, நானும் அணைச்சாச்சு. அப்புறம் இன்னொண்ணு. அனுமதி இல்லாம எவன் இடத்துலயாவது நுழைஞ்சீங்கன்னா இந்த ஊர்ல நேரா போலீஸ்தான். நான் வந்து மீட்டுட்டுப் போவேன்னு கனவு காணாதீங்க."

இந்தப் பட்டம் இல்லாவிட்டால் ஸ்டோருக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய மனைவியின் தம்பியும் அதே டயர் கம்பெனிதான். மேனேஜர் ரூம் காலியாகப் போகிறது. "பட்டத்தோட வந்தா ரூம் உங்களுக்கு. இல்லைன்னா உங்க மச்சினனுக்கு" என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வீட்டில் டி.வி. ரிமோட் ஏற்கெனவே மச்சினன் கையில். ஆபீசிலும் அவனுக்கு எழுந்து நின்று சலாம் போட வேண்டும் என்றால், மனுஷன் எங்கேதான் போய் உட்காருவது?

அதனால்தான் ஸ்டோர்க்காரருக்கு இப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போது தூரத்தில் கறுப்புக் கோட்டுகளின் கூட்டம் ஒன்று லிஃப்ட்டுக்குள் போவது தெரிந்தது. "அப்பாடா!" என்று ஓடினார். மூடப் போன கதவுக்குள் பக்கவாட்டில் நுழைந்து, பக்கத்திலிருந்த கையைப் பாசத்தோடு பற்றிக்கொண்டார்.

அந்தக் கை உதறிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் முன்பின் தெரியாத ஆள். சுற்றிலும் பார்த்தால் எல்லாருமே முன்பின் தெரியாத ஆள்கள். அவர் ஊரில் கோட்டுப் போட்டவர்களைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம், வேர்த்து வழிவார்கள். இந்த ஊரிலோ பஸ் ஓட்டுகிறவர்கூடக் கோட்டுதான்.

லிஃப்ட் கிளம்பியதே தெரியவில்லை. காது மட்டும் கும்மென்று அடைத்தது. ஒரு பக்கச் சுவர் கண்ணாடி. அதன் வழியே சாலை கீழே போனது, மரங்கள் கீழே போயின, சுற்றியிருந்த கட்டடங்களின் மொட்டை மாடிகள்கூடக் கீழே போய்விட்டன. 'அம்மாடியோவ்!' என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். உடனே, பார்க்காமல் விட்டால் இனி எப்போது பார்ப்பது என்று ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டார். கோட்டுக்காரர்கள் ஒவ்வொரு மாடியிலும் இரண்டொருவராக இறங்கிக் கடைசியில் அவர் மட்டும் நின்றார். கதவு திறந்தது.

எதிரே பளிங்கு மேஜை. அதன் பின்னால் வரவேற்புப் பெண். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஸ்டோர்க்காரர் எதைக் கேட்டாலும் மனசுக்குள் தமிழில்தான் கேட்பார், அதனால் இங்கேயும் அப்படியே.

"வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்றாள் அந்தப் பெண் எழுந்து நின்று.

ஸ்டோர்க்காரருக்கு உயிர் வந்தது. "நம்ம ஆளுங்க எல்லாம் உள்ள இருக்காங்களா?"

"இல்லையே, நீங்கதான் முதல்ல வந்திருக்கீங்க. உள்ள உட்காருங்க, மத்தவங்களும் வந்துடட்டும்."

முதல் ஆளா! பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை எதிலும் முதலில் வந்தறியாத மனிதர். பெருமை தாங்கவில்லை. கோட்டைக் கழற்றி வாங்கி மாட்ட ஒருவர் வந்தார். பரவாயில்லை என்று சொல்வதற்குள் கோட்டும் போயிற்று, அதன் உள்பையில் இருந்த பாஸ்போர்ட்டும் போயிற்று.

உள்ளே ஒரு பெரிய கூடம். வரிசையாக நாற்காலி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு சுவர் முழுக்க ஒரே கண்ணாடி, அதற்கு அப்பால் நகரம். முதல் வரிசையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தண்ணீர் குடித்தார். இன்னும் கொஞ்ச நேரம் பெருமைப்பட்டார். யாரும் வருகிற வழியாக இல்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து இன்சூரன்ஸைக் கூப்பிட்டார்.

"யோவ் ஸ்டோர்! எங்கய்யா தொலைஞ்ச?" இன்சூரன்ஸ் குசுகுசுவென்று பேசினார்.

"நான் எப்பவோ வந்து உட்கார்ந்தாச்சு. நீங்கதான் இன்னும் வரல."

"எங்க வந்து உட்கார்ந்த? நாங்க எல்லாரும் கம்பெனிக்குள்ளதான் இருக்கோம். வாசல்லயே ஒரு பொண்ணு நின்னு சிரிச்ச முகமா கூட்டிட்டு வந்துச்சு. ஜூஸ் குடிச்சாச்சு, விளக்கம் ஓடிட்டிருக்கு. யோவ், கம்பெனின்னா இதுய்யா கம்பெனி! உட்கார்ற நாற்காலியே முதுகை அமுக்கி விடுது! பேராசிரியர் கண்ணை மூடிட்டு ரசிச்சிட்டிருக்கார்."

"நான் இல்லைன்னு தெரிஞ்சு போச்சா?"

"பேராசிரியர் ஆஜர் எடுத்தார். உன் குரல்ல நானே 'இருக்கேன் சார்' சொல்லிட்டேன். சீக்கிரமா வந்து தொலை. அய்யோ, பார்க்கிறார்!"

போன் அணைந்தது.

வகுப்பு அங்கே இருக்கிறது. அப்படியானால் இது யார் வீட்டு விருந்து? யாரோ பெரிய வியாபாரிகள் கூட்டம் ஒன்று இந்தக் கம்பெனிக்கு வர இருந்திருக்க வேண்டும். அதில் ஓர் ஆள் என்று நினைத்து இவரை உட்கார வைத்துவிட்டார்கள். அந்த வியாபாரிகள் வந்து இறங்கினால் என்ன ஆகும்? 'நீ யாருடா?' என்பார்கள். அனுமதி இல்லாமல் நுழைந்தால் நேரா போலீஸ்!

ஓடிவிடலாம் என்று எழுந்தார். கோட்டு ஞாபகம் வந்தது. பாஸ்போர்ட் இல்லாமல் ஓடி எந்த ஊருக்குப் போவது? திரும்பவும் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை மறுபடி எழுந்து நிற்க வைத்தது வாசலில் கேட்ட காலடிச் சத்தம்.

நரைத்த கூந்தலைக் கத்தரித்துவிட்ட ஓர் அம்மாள் நாலைந்து அதிகாரிகளோடு வந்தார். அந்தக் கம்பெனிக்கே தலைவியாம். வந்த வேகத்தில் இரண்டு கையாலும் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப சந்தோஷம். உங்க தலைவருக்கு போன் போட்டோம், அணைச்சு வெச்சிருக்கார். மத்தவங்க எங்க?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். வந்தது என்னவோ வேறு.

"பின்னாடியே வர்றாங்க. ரோட்டுல பயங்கர நெரிசல்."

தலைவியம்மா கண்ணாடிச் சுவர் வழியே கீழே பார்த்தார். அதிகாரிகளும் பார்த்தார்கள். சாலை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. எங்கோ ஒரு சைக்கிள் போனது.

"ஓ..." என்றார் தலைவியம்மா மரியாதையாக. "சரி, உங்க நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்களை வெச்சே ஆரம்பிச்சுடலாம். நீங்க ஒருத்தர் பார்த்தாலும் எல்லாரும் பார்த்த மாதிரிதான்."

ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தருக்கு ஐந்து பேர் விளக்கம் சொன்னார்கள். கொட்டாவி விடவும் வழியில்லை, தலையாட்டாமல் இருக்கவும் வழியில்லை. பிறகு ஒரு கதவைத் திறந்து உள்ளே கூட்டிப் போனார்கள்.

இருட்டான அறை. எதிர்ச்சுவர் முழுக்க உலகம். கடல் எல்லாம் கருநீலம். அந்தக் கருநீலத்தின் மேல் எங்கு பார்த்தாலும் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள், ஊர்ந்துகொண்டே இருந்தன.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு கப்பல்" என்றார் ஓர் அதிகாரி. "எல்லாம் நாங்க அனுப்புறதுதான். எதை வேணும்னாலும் தொடுங்க."

ஸ்டோர்க்காரர் வேட்டித் துணியில் கையைத் துடைக்கிறவர் போலப் பேன்ட்டில் விரலைத் துடைத்துக்கொண்டு ஒரு புள்ளியைத் தொட்டார். கப்பல் பெரிதாக எழும்பி வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சுவரில் ஓடியது. கோதுமை, கண்ணாடித் தட்டு, சைக்கிள் மணி, குழந்தைகளுக்கான செருப்பு. அந்தச் செருப்புக்காக இப்போது எந்த ஊரிலோ ஒரு குழந்தை அடம் பிடித்துக்கொண்டிருக்கும் என்று தோன்றியதும் அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தான் ஒரு மூலையில் டயரை உருட்டி ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்ததெல்லாம் இப்படித்தான் ஒரு புள்ளியாகக் கடலில் போயிருக்குமோ? இத்தனை நாளாக இது தெரியாமலா போயிற்று? பயம், பாஸ்போர்ட், மச்சினன் எல்லாம் மறந்துபோய் நின்றார்.

"இதுல ஒண்ணாவது வழி தவறிப் போனதுண்டா?" என்று கேட்டார் நிஜமான அக்கறையோடு.

"நாங்க யாரையும் தொலைக்கிறதில்லை" என்றார் அதிகாரி.

அந்தப் பேச்சில் ஸ்டோர்க்காரருக்குத் தன் நிலைமை திரும்ப ஞாபகம் வந்துவிட்டது. தப்பிக்க வேண்டும். பாத்ரூம் என்று சுண்டு விரலைக் காட்டினார். வழிகாட்ட ஓர் அதிகாரி கூடவே வந்தார். அதோடு விட்டாரா? வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே போனால் விளக்கு தானாக எரிந்தது, மூடி தானாகத் திறந்தது, கையை நீட்டினால் தண்ணீர், இன்னும் கொஞ்சம் நீட்டினால் சோப்பு, தள்ளி நீட்டினால் சூடான காற்று. வந்த வேலையை மறந்து மூன்றுக்கும் திரும்பத் திரும்பக் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்.

வெளியே வந்ததும் அடுத்த யோசனை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு முட்டுது... கொஞ்சம் கீழ போய் காத்து வாங்கினா சரியாயிடும்..."

சொல்லி முடிக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலி வந்தது. ஒரு டாக்டர் வந்தார். நாடி பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள். கீழே காற்று நன்றாக இருக்காதாம். நல்ல காற்று வேண்டுமென்றால் மேலே போக வேண்டுமாம்.

"எங்க ஆளுங்களுக்கே அங்க அனுமதி கிடையாது. உங்களுக்காகத் திறக்கிறோம்" என்றார் தலைவியம்மா.

இறங்கப் பார்த்தவரை உருட்டிக்கொண்டு போய் உச்சி மாடியில் நிறுத்திவிட்டார்கள்.

அங்கே ஸ்டோர்க்காரருக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது. நகரம் முழுக்கக் காலடியில் கிடந்தது. ஆறு வெயிலில் மின்னிக்கொண்டு வளைந்து வளைந்து போய்க் கடலில் கலந்தது. பாலங்கள், ரயில்கள், பூங்காக்கள். துறைமுகத்தில் வண்ண வண்ணமாய்ப் பெட்டிகள். ஒரு மேகத்தின் நிழல் அத்தனை கட்டடங்கள் மேலும் ஏறி இறங்கிக்கொண்டு போனது. இவ்வளவையும் மனுஷன்தானே கட்டியிருக்கிறான்! அவருக்கு ஏனென்று தெரியாமல் கண் கலங்கியது. டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மனைவி வீடியோவில் வந்தாள்.

"என்னங்க, கம்பெனி பார்த்தாச்சா? தம்பி கேட்கச் சொன்னான்."

"பார்த்துட்டே இருக்கேன்."

"எங்க, காட்டுங்க பார்ப்போம்."

ஸ்டோர்க்காரர் போனைத் திருப்பி மெதுவாகச் சுற்றிக் காட்டினார். அந்தப் பக்கம் மனைவியின் மூக்கு திரையை ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஏங்க..." என்றாள். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "இதெல்லாம் நிஜமாவா இருக்கு?"

"நிஜமாத்தான் இருக்கு. நானே தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டிருக்கேன்."

"உங்க கண்ணால இதைப் பார்த்துட்டீங்களே. எனக்கு அது போதுங்க. ஆனா பட்டம் வாங்காம வந்துடாதீங்க. தம்பி இப்பவே மேனேஜர் ரூமுக்குத் திரைச்சீலை பார்த்துட்டு வந்துட்டான்." பிறகு அவள் குரல் வழக்கமான உயரத்துக்கு ஏறியது. "அது யாருங்க உங்க பின்னாடி நிக்கிற அம்மா? நீங்க ஏன் சக்கர நாற்காலியில உட்கார்ந்திருக்கீங்க? கிளாஸ் ஆளுங்க எங்க?"

"இது மரியாதைம்மா. எனக்குக் கொடுக்கிற மரியாதை."

"உங்களுக்கா?"

தலைவியம்மா பின்னாலிருந்து கையசைத்தார். மனைவியும் பதறிப்போய்த் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கையசைத்தாள். ஸ்டோர்க்காரர் போனை அணைத்தார்.

இனிமேலும் ஏமாற்றினால் நல்லதற்கில்லை என்று அவருக்கே தோன்றிவிட்டது. சக்கர நாற்காலியிலிருந்து எழுந்தார். அதிகாரிகளெல்லாம் கூடி நின்றார்கள். ஏதோ பேசப் போகிறார் என்று ஒருவர் மைக்கையே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்!

"உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "நீங்க நினைக்கிற மாதிரி நான் ஒண்ணும் பெரிய ஆள் இல்லைங்க. டயர் குடோன்ல வேலை. எண்ணி வைக்கணும், எடுத்துக் கொடுக்கணும், அவ்வளவுதான். இவ்வளவு மரியாதைக்கு நான் தகுதியே இல்லை. என்னை மன்னிச்சுடணும்."

உடனே படபடவென்று கைதட்டல்!

"என்ன அடக்கம்!" என்றார் டாக்டர்.

தலைவியம்மா இவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நானும் துறைமுகத்துல மூட்டைக்குச் சீட்டு ஒட்டித்தான் ஆரம்பிச்சேன். இத்தனை வருஷத்துல இங்க வந்து நின்னு இப்படி வெளிப்படையா பேசினது நீங்க ஒருத்தர்தான்."

இதற்கு மேல் எப்படித்தான் உண்மையைச் சொல்வது? ஸ்டோர்க்காரருக்கு வெறுத்துப் போய்விட்டது. கும்பிடு போட்டார். கோட்டைக் கேட்டார். அவசரமாகப் போக வேண்டும் என்றார். ஒருவழியாகக் கோட்டு வந்தது. பாஸ்போர்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு லிஃப்ட்டுக்குள் பாய்ந்தார். கதவு மூடும்வரை அத்தனை பேரும் நின்று கையசைத்தார்கள்.

பாதி வழியில் இன்சூரன்ஸ் கூப்பிட்டார்.

"எல்லாம் கெட்டுதுய்யா! உன்னால நானும் மாட்டிக்கிட்டேன்!"

"என்னய்யா ஆச்சு?"

"'ஸ்டோர், எழுந்திரிச்சு ஒரு கேள்வி கேளுங்க'ன்னார் பேராசிரியர். நான் பின்வரிசையில தலையைக் குனிஞ்சுட்டு எழுந்திரிச்சு உன் குரல்ல கேட்டேன். நல்ல கேள்வின்னுட்டார். அதோட விட வேண்டியதுதானே? 'இதுக்கு இன்சூரன்ஸ் பதில் சொல்லட்டும்'னுட்டார். நான் உட்கார்ந்து, திரும்ப எழுந்திரிச்சு, என் குரல்ல பதில் சொல்றதுக்குள்ள பிடிச்சிட்டார். இப்ப ரெண்டு பேருக்கும் பட்டம் கிடையாதாம். கீழதான் நிக்கிறோம், வா."

லிஃப்ட் கதவு திறந்தபோது வகுப்பு மொத்தமும் அந்தப் பெரிய கீழ்த்தளத்தின் நடுவில் நின்றது. ஒவ்வொருவர் முகத்திலும் நன்றாகத் தூங்கி எழுந்த களை. ஒவ்வொருவர் கையிலும் ஒரே மாதிரி பளபளப்பான மஞ்சள் பை, அதற்குள் கழுத்துக்கு வைக்கிற குட்டித் தலையணை. நினைவுப் பரிசாம். பேராசிரியர் தன்னுடையதைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தார். அதனால் கோபத்தில் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார்.

"வாங்கய்யா மகாராஜா! ஊர் சுத்தி முடிச்சாச்சா?"

"சார், தெரியாம நடந்து போச்சு. வேற ஒரு கம்பெனிக்குள்ள..."

"வாயைத் திறக்காதீங்க! எப்பேர்ப்பட்ட கம்பெனி தெரியுமா நாங்க பார்த்துட்டு வந்தது? எத்தனை நாடு சுத்தியிருக்கேன், வந்தவங்களை இப்படித் தாங்குன கம்பெனியை என் ஆயுசுல பார்த்ததில்லை! ஒவ்வொருத்தரையும் படுக்க வெச்சு, காலை நீட்ட வெச்சு, சௌகரியமா இருக்கான்னு கேட்டுக் கேட்டு... வாடிக்கையாளரை எப்படி நடத்தணும்னு இன்னைக்குத்தான்யா நானே கத்துக்கிட்டேன். அதை விட்டுட்டு நீங்க எங்கயோ வேடிக்கை பார்த்துட்டு வர்றீங்க!"

"சார், பாவம் சார், பிள்ளை குட்டிக்காரர்" என்று நர்ஸம்மா பரிந்து பேசினார்.

"யாரா இருந்தா எனக்கென்ன?" பேராசிரியரின் குரல் அந்தத் தூணில்லாக் கூடம் முழுக்கச் சுற்றி வந்தது. "அந்தக் கம்பெனி வாசப்படியை மிதிக்காதவங்களுக்குப் பட்டம் கிடையாதுன்னா கிடையாதுதான். அது நீங்களா இருந்தாலும் சரி, நானா இருந்தாலும் சரி!"

ஸ்டோர்க்காரர் தலை குனிந்து நின்றார். கண்ணுக்குள் மேனேஜர் ரூமும் அதில் மச்சினன் தொங்கவிடப் போகிற திரைச்சீலையும் ஆடின. தன்னால் இன்சூரன்ஸுக்கும் போயிற்றே என்பது வேறு தாளவில்லை. ஆனாலும் ஒன்று, அந்தக் கப்பல்களையும் அந்த ஆற்றையும் பார்த்தாயிற்று. அதை யாரும் பிடுங்க முடியாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அப்போது லிஃப்ட் மறுபடி திறந்தது. மேல்மாடி வரவேற்புப் பெண் கையை ஆட்டியபடி இவர்களை நோக்கி ஓடி வந்தாள்.

சரி, கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்தது போலீஸ்தான்! ஸ்டோர்க்காரர் இன்சூரன்ஸின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினார். அவள் அவரை எட்டிப் பார்த்து அழகாக ஒரு புன்னகை செய்தாள். பிறகு அத்தனை மஞ்சள் பைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கழுத்தில் தலையணையோடு நின்ற பேராசிரியரிடம் வந்தாள்.

"நீங்கதான் பேராசிரியரா சார்? காலையிலேர்ந்து உங்களுக்கு போன் போட்டுப் போட்டு அலுத்துட்டோம். உங்க வகுப்புலேர்ந்து எங்க கம்பெனிக்கு ஒழுங்கா வந்து சேர்ந்தது இவர் ஒருத்தர்தான், மத்த எல்லாரும் மூணாவது மாடி நாற்காலிக் கடையில என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?"